நான் திருத்திய படம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் காற்று ஓய்ந்த சமயம், தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் ஒரு பழைய தியேட்டரில் நடந்தது இது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வந்த வினையெல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

அந்தத் தியேட்டரில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு ஆளே வராது. பத்துப் பேர் இருந்தால் அதில் நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கித் தூங்க வந்தவர்களாக இருப்பார்கள். தியேட்டர்கார அண்ணாச்சி, அறுபது வயதுக்காரர், தானே டிக்கெட் கிழித்துத் தானே மிஷினையும் ஓட்டுபவர், ஒருநாள் வாசலில் கரும்பலகை வைத்தார். பெண்களின் வாழ்க்கையைப் பற்றிய படங்கள், வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம் என்று சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருந்தது. என்ன அண்ணாச்சி திடீரென்று என்று கேட்டேன்.

"ஆம்பளைங்க அடிச்சுக்கிடுத படத்தையே நாப்பது வருசமா ஓட்டிட்டேன் டீச்சர். எனக்கே மூச்சு முட்டுது," என்றார்.

வெளியூரில் திரைப்படச் சங்கம் நடத்தும் அவருடைய சிநேகிதர் ஒருவர் படங்களை அனுமதி வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் வேற்றுநாட்டுப் படங்கள். முதல் வாரம் போனேன். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. எனக்குச் சரி, பக்கத்தில் இருந்த உப்பளத்துப் பெண்ணுக்கு? அவர் "என்ன சொல்லுதா, என்ன சொல்லுதா" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். நானும் காதோடு சொல்லத் தொடங்கி, வகுப்பெடுக்கிற பழக்கத்தில் குரல் தானாக ஏறி, கடைசியில் முன்னால் இருந்த நாலு வரிசையும் படத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் அண்ணாச்சி வந்து நின்றார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "ஒரு ஆளுக்குச் சொல்லுததை எல்லாருக்கும் மைக்ல சொல்லிருங்களேன் டீச்சர். எப்படியும் வெளிய வரைக்கும் கேக்கத்தான செய்யுது," என்றார்.

அப்படித்தான் நான் சினிமாவில் பேச ஆரம்பித்தேன். வியாழக்கிழமை படத்தை எனக்கு ஒரு பென் டிரைவில் தருவார். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வசனங்களை எல்லாம் லாங் சைஸ் நோட்டில் தமிழில் எழுதிவைத்துக்கொள்வேன். சனிக்கிழமை திரைக்குக் கீழே, ஓரமாக, ஒரு மடக்கு நாற்காலி. மடியில் நோட்டு. நீலக் காகிதம் ஒட்டிய சின்ன டார்ச். கையில் மைக். திரையில் யார் வாயைத் திறந்தாலும் குரல் என்னுடையது. கிழவிக்கும் நான்தான், குமரிக்கும் நான்தான், வில்லிக்கும் நான்தான். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "வீட்லயும் எல்லாருக்கும் நீதான பேசுற, இதுல என்ன புதுசு" என்றார்.

அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் ஏதோ கனவில் நடந்தது மாதிரி இருக்கிறது. வெளியே கண்ணைப் பிடுங்குகிற வெயில். கதவைத் தள்ளி உள்ளே வந்தால் குளிர்ந்த இருட்டு. அந்த இருட்டில் ஒவ்வொருவராக வருவார்கள். விடியலுக்கு முன்னால் போய் மதியத்தில் வேலை முடிந்து வரும் உப்பளத்துப் பெண்கள், பாதம் வெடித்துப் போனவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் மடக்கிக்கொள்வார்கள். இறால் கம்பெனியில் ஷிப்டு முழுக்க ஓடு உரிக்கும் பெண்கள் ஐஸ் மணத்தோடு வருவார்கள். கடைக்கார அண்ணாச்சிகளின் வீட்டம்மாக்கள் முறுக்குப் பொட்டலத்தோடு வருவார்கள். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக ஒரு வெளிச்சக் கம்பி இறங்கி, மணி ஆக ஆக வரிசை வரிசையாக நகர்ந்து போகும். திரையில் எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி அறுபது வயதில் லாரி ஓட்டப் படித்துக்கொண்டிருப்பாள். அவள் பாஷை பாட்டு மாதிரி கேட்கும், அதன்மேல் என் குரல் போகும். நடுநடுவே துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு ஊதும். ஒரு வாரம் பாலைவனத்தில் நடக்கிற படம். நாயகி தண்ணீர் இல்லாமல் மணலில் நடந்துபோகையில் சரியாக நம் கப்பல் ஊதியது. "ஏளா, கப்பல் வந்துட்டு, ஏறிக்கோ" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். தியேட்டரே சிரித்தது.

நான்கு வாரத்தில் கூட்டம் நூறைத் தாண்டிவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், "சினிமா டீச்சர் வாராவ" என்று வழி விட்டார்கள்.

விடைத்தாளைத் திருத்தித் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? படத்தையும் திருத்த ஆரம்பித்தேன். மருமகள் மாமியாரைக் கெட்ட வார்த்தையில் வைதால், நான் "என்ன அத்தை நீங்க, இப்படிப் பண்ணலாமா" என்பேன். குடிகாரப் புருஷனை ஒருத்தி ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். நான் "இது நல்லா இல்லை" என்று முடித்துவிட்டேன்.

"டீச்சர், அவ அம்புட்டு நேரம் பேசினா, நீங்க ஒத்த வரில முடிச்சுட்டிய. மிச்சத்தை எங்கன வச்சிருக்கிய?" என்று ஒரு உப்பளத்து அக்கா இருட்டிலிருந்து கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

எட்டாவது வாரம் வந்த படம் ஒரு குளிர் தேசத்துத் தீவில் நடப்பது. கதை சின்னதுதான். ஒருத்தியின் புருஷன் மீன் பிடிக்கப் போகிறான், புயலில் படகு கவிழ்கிறது, உடல் கிடைக்கவில்லை. ஊரும் உறவும் அவன் வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பனிக்காலம் முழுக்க அவள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் அவனுடைய கம்பளிச் சட்டையை எடுத்து நூல் நூலாகப் பிரிக்கிறாள். அந்த நூலில் தன் மகளுக்கு ஒரு சட்டை பின்னுகிறாள். மகள் பக்கத்தில் வந்து நிற்க, முதல் தடவையாக அவளிடம் உண்மையைச் சொல்கிறாள். நான் நோட்டில் எழுதியிருந்தது இது: "அப்பா கடலில் செத்துப்போய்விட்டார். இனி வரமாட்டார். இந்தக் கம்பளி உனக்கு."

சனிக்கிழமை படம் தொடங்கப் போகும் நேரம், இறால் கம்பெனிப் பெண் ஒருவர் என் நாற்காலி பக்கம் குனிந்தார். மூன்றாவது வரிசையைக் கண்ணால் காட்டினார். அங்கே முப்பது, முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண், பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி. இரட்டைச் சடை, மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"எங்க கம்பெனிதான் டீச்சர். இவ வீட்டுக்காரர் போன வருசம் மீன் பிடிக்க வள்ளத்துல போனவரு. மூணு பேரு போனாவ, ரெண்டு பேரு நீந்திக் கரை சேந்துட்டாவ. இவரு மட்டும் இல்ல. பாவம், இந்தப் படத்துக்கா வரணும்?" என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

படம் ஓடியது. படகின்மேல் பனி கொட்டிக் கிடந்ததைப் பார்த்து உப்பளத்து அக்கா, "ஆத்தாடி, இம்புட்டு உப்பு அள்ள ஆளில்லாமக் கெடக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முகம் ஆடாமல் அசையாமல் இருந்தது. சிறுமி பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டு திரையிலிருந்த சிறுமியையே பார்த்தாள். இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது. கடைசிக் காட்சி நெருங்கியது. அந்தப் பிள்ளை காதில் விழ, என் குரலிலா அதைச் சொல்வது? யேசுவே, எனக்கு மனசு வரவில்லை.

திரையில் அந்த அம்மா கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டே வாயைத் திறந்தாள். நான் நோட்டைப் பார்க்கவில்லை. "அப்பா வந்துருவாங்க கண்ணு. கட்டாயம் வந்துருவாங்க. அதுவரைக்கும் நீ இந்தச் சட்டையைப் போட்டுக்கோ," என்றேன்.

"பின்ன ஏன் சட்டையப் பிரிக்கா?" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது வரிசைச் சிறுமி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தட்டினாள். அவள் அம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்தார். விளக்குப் போட்டதும் தாயும் மகளும் கூட்டத்தோடு வெளியேறிப் போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளையின் மனசு நோகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு நன்றாகவே தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், நான் தியேட்டர் முன்கூடத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தனியாக வந்தார். கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், போன வாரம் நீங்க சொன்னது அந்தப் படத்துல உள்ளதா?"

பள்ளியில் எத்தனை பிள்ளைகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்! அன்றைக்கு எனக்கு வாய் குழறியது. "ஆமாம்மா... கிட்டத்தட்ட..." என்றேன்.

"வாரவரு சட்டைய யாராவது பிரிப்பாவளா டீச்சர்? எனக்கு இங்கிலீசு தெரியாது. மூஞ்சி தெரியும்லா. அந்த மூஞ்சி வருவான்னு சொல்லுத மூஞ்சி இல்ல. கண்ணாடியில தினமும் பாக்கேன்."

சின்னப் பிள்ளை இருந்ததே, பாவமாக இருந்தது, அதனால்தான் என்று ஏதோ இழுத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். கூடப் போன இரண்டு பேரில் ஒருவர், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்திருந்த கை நழுவி இவர் புருஷன் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர். இவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். ஆனால் மாமியார் ஒப்புக்கொள்வதில்லை. ஏதாவது தீவில் ஒதுங்கியிருப்பான், ஏதாவது நாட்டு ஜெயிலில் இருப்பான் என்று வாரம் தவறாமல் மகன் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறார். அந்த வீட்டில் "செத்துப் போனார்" என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. பிள்ளையும் அப்பா எப்போ வருவாவ, அப்பா எப்போ வருவாவ என்று ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியல டீச்சர். எத்தனையோ நாள் வாயத் தொறப்பேன், வராது. வாசப் பலகையில அண்ணாச்சி எழுதிப் போட்டிருந்தாவ, கடல்ல புருசனைத் தொலைச்சவ கதைன்னு. அவ எப்படிச் சொல்லுதான்னு கேட்டு, அங்கனயே அந்த இருட்டுலயே எம் பிள்ள கைய பிடிச்சுச் சொல்லிரலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன். லீவு போட்டு வந்தேன். நீங்க வருவாவன்னு சொல்லிட்டிய."

வெளுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயங்காலமே அப்பா செருப்ப எடுத்து வாசல்ல வச்சுட்டா. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வாரதில்ல, வள்ளம் நிக்கிற இடத்துல போய் உக்காந்துக்கிடுதா. சினிமாலயே சொல்லிட்டாங்கம்மா, டீச்சரே சொல்லிட்டாங்கம்மான்னு சொல்லுதா. இப்பம் நான் என்னத்தச் சொல்ல?"

சொன்னால் நம்புவீர்களா, எனக்கு நினைவு வந்தது என் அப்பா. நான் நாசரேத்தில் ஹாஸ்டலில் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் வார்டன் என்னைக் கூப்பிட்டு, அப்பாவுக்குக் காய்ச்சல், உன்னைப் பார்க்கணுமாம் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார். கட்டுரைப் போட்டியில் வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸை அப்பாவிடம் காட்டலாம் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டே போனேன். தெருமுனை திரும்பினால் பந்தல் போட்டிருந்தது. அந்த வார்டன் நல்ல மனுஷி, என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் பந்தலைப் பார்த்து நான் அலறியதைவிட, பஸ்ஸில் பாடியதை நினைத்துத்தான் எத்தனையோ வருஷம் அழுதேன். இதெல்லாம் தெரிந்த நானே ஒரு பிள்ளையைப் பாடவைத்து பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அண்ணாச்சி டிக்கெட் கூண்டுக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் எழுந்து அவரிடம் போனேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறதா, கடைசிக் காட்சியை மட்டும் ஒருமுறை போட முடியுமா என்று கேட்டேன். அவர் பிடரியைச் சொறிந்தார். "ஒரு ஆட்டத்துக்குத்தான டீச்சர் அனுமதி" என்றார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். "சரி, மிஷின் எப்படி ஓடுதுன்னு நான் சோதிச்சுப் பாக்கணும்லா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சோதிப்பேன். அந்த நேரம் உள்ள யாரு இருக்காவன்னு நான் எதுக்குப் பாக்கேன்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போகவில்லை. எனக்கு விவரம் தெரிந்து காய்ச்சல் இல்லாமல் நான் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான். தாயும் மகளும் காலைப் பூசை முடிந்து நேரே வந்தார்கள். சிறுமி வெள்ளைக் கவுன், தலையில் மல்லிகை, கையில் ஞான உபதேசப் புத்தகம். அத்தனை பெரிய காலித் தியேட்டரைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. நாற்காலிகளுக்கு நடுவில் ஓடினாள். கடைசியில் தன் பழைய இடத்துக்கே, மூன்றாவது வரிசைக்கே, வந்து உட்கார்ந்தாள். நான் திரைக்குக் கீழே என் மடக்கு நாற்காலியில். மேலே அண்ணாச்சி. எங்கள் நாலு பேரைத் தவிர யாருமில்லை.

விளக்கு அணைந்தது. காலை வேளையாதலால் ஃபேன் ஓட்டை வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அதில் தூசி மெதுவாகப் பறந்தது. திரையில் பனி விழுந்தது. தூசியும் பனியும் ஒன்றாகி, அந்தப் பனியே தியேட்டருக்குள் விழுகிற மாதிரி ஒரு மயக்கம். அந்த அம்மா கம்பளிச் சட்டையைப் பிரித்தாள். நூல் சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது. மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் நோட்டை விரித்தேன். டார்ச் வெளிச்சம் அந்த மூன்று வரியின்மேல் விழுந்தது. அம்மா பேச வாய் திறந்தாள். நானும் மைக்கை எடுத்தேன். "அப்பா..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. இத்தனை வருஷம் ஓயாத வாய் நின்றுவிட்டது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. மைக் இல்லாத குரல். திரையில் இருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மகள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் சொன்னார்.

"அப்பா கடல்ல செத்துப் போனாவ எம்மா. இனி வரமாட்டாவ. அம்மா இருக்கேன்."

திரையில் அவள் வாய் அசைந்தது. குரல் இவருடையது. நான் மைக்கை மடியில் வைத்துவிட்டேன். அந்தக் காட்சி முடியும்வரை மேலே மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். எங்கோ வெகு தூரத்தில் கப்பல் ஊதியது.

சிறுமி உடனே அழவில்லை. திரையில் அந்தச் சிறுமி புதுச் சட்டைக்குள் கையை நுழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். டார்ச் வெளிச்சத்தில் என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"போன தடவ வருவாவன்னு சொன்னியளே டீச்சர்?"

நான் எத்தனையோ பிள்ளைகளை 'தப்பு செய்தேன் என்று சொல், சொல்லு' என்று நிற்கவைத்தவள். அன்றைக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைமுன் நான் நின்றேன். "டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்மா. அதுல அப்படி இல்ல. டீச்சர் பொய் சொல்லிட்டேன்," என்றேன்.

அவள் நோட்டில் அந்த மூன்று வரியின்மேல் விரலை வைத்தாள். "தப்பா எழுதிட்டா அடிச்சுட்டு, பக்கத்துல சரியா எழுதணும்னு எங்க மிஸ் சொல்லுவாவ," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அம்மா வந்து அவளை அள்ளிக்கொண்டார். இருவரும் அந்தத் தரையிலேயே, திரைக்குக் கீழே, உட்கார்ந்து அழுதார்கள். தள்ளி நிற்க என்னால் முடியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் முடிந்து திரை வெறும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி வெகு நேரம் வரை விளக்கைப் போடவே இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். அதற்கு முந்தின வருஷம் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம். செத்தவருக்கு ஏற்றுவதா, இருக்கிறவருக்கு ஏற்றுவதா என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாராம். இந்த முறை, "வாரியளா டீச்சர்?" என்று ஆள் விட்டிருந்தார். சாயங்காலம் போனேன்.

கல்லறை இல்லாதவர்களுக்குத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில்தான் திரி ஏற்றுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே அத்தனை திரிகள் எரியும் என்றும் நான் நினைத்திருக்கவில்லை. கடல் எடுத்துக்கொண்ட அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். மாமியார் வரவில்லை. அவர் இன்னமும் மகன் சட்டையைத் துவைக்கிறார், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பங்குச் சாமியார் இறந்தவர்கள் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். தன் புருஷன் பெயர் வந்தபோது அந்தப் பெண் கண்ணை மூடினார். மூச்சை இழுத்து விட்டார். ஒன்றரை வருஷமாக உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு போல இருந்தது. சிறுமி கடற்காற்றில் அணைந்து அணைந்து போகும் திரியைக் கையால் மறைத்து மறைத்து, மூன்றாவது தடவையில் நிற்கவைத்துவிட்டாள்.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு சிறுமியிடம் என்னைக் காட்டினாள்.

"இவங்கதான் சினிமால பேசுத டீச்சர். முன்னால பொய் சொல்லுவாவ. இப்பம் சரியாத்தான் சொல்லுவாவ."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

இப்போதும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த மடக்கு நாற்காலியில்தான் இருக்கிறேன். மூன்றாவது வருஷப் படங்கள் ஓடுகின்றன. மருமகள் வைதால் வைகிறேன், ஒருத்தி ஒரு நிமிஷம் திட்டினால் நானும் ஒரு நிமிஷம் திட்டுகிறேன், உப்பளத்து அக்கா கைதட்டுகிறார். சொல்ல முடியாத வரி வரும்போது மட்டும் மூன்றாவது வரிசையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். 'இப்பம் சரியாத்தான் சொல்லுவாவ' என்பது ஒரு பிள்ளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போன நற்சாட்சி. நான் வாங்கிய எந்தச் சான்றிதழையும்விட அதை இழந்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.